முழங்காலுக்கு மேல்

புருல் உட்கார்ந்து தேநீர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி வருவாள். கயிறுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பாள். யாருடைய காலணியாவது வெளியில் நனைந்துகொண்டிருந்தால் காலாலேயே உள்ளே தள்ளுவாள். வானத்தைப் பார்ப்பாள். மீதித் தேநீரைப் புல்லில் கொட்டிவிட்டு, "கிளம்பலாமா?" என்பாள். அப்போதுதான் நாங்கள் கஞ்சியில் கரண்டியை விட்டிருப்போம்.

எங்கள் வகுப்பில் அவள்தான் மூத்தவள். முப்பத்து நான்கு வயது. மற்றவர்கள் எல்லாம் பள்ளி முடித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள். பயிற்றுநர் குபானிச்சே அவளைவிட ஏழு வயது சின்னவன். அவனை ஆசிரியர் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. தம்பி என்று கூப்பிடுவது மரியாதையாகவும் இல்லை. கடைசியில் "வாத்தியார் தம்பி" என்று வைத்துக்கொண்டாள். அவன் அவளை அக்கா என்றான். கையொப்பம் போடும்போது மட்டும் முழுப் பெயரை எழுதுவான்.

மலை வழிகாட்டிகளுக்கான பள்ளி, ஏரிக்கரை நகரத்தில் மூடப்பட்ட ஒரு கம்பளி ஆலையின் மாடியில் நடந்தது. சேர்ந்த அன்று ஆளுக்கொரு பச்சை அட்டைப் பதிவேடு கொடுத்தார்கள். மழையில் ஊறாத தாள். தேதி, இடம், உயரம், வானிலை, குழுவில் நம் பங்கு, செய்த வேலை, பயிற்றுநர் கையொப்பம் என்று பத்திகள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நிரப்ப வேண்டும். பின்பக்கங்களில் திறன்களின் அட்டவணை. பனிச்சரிவில் சறுக்கினால் கோடரியைக் குத்தி நிற்பது, உடைந்த காலுக்குக் கட்டுப் போடுவது, மின்னலில் குழுவை முகட்டிலிருந்து இறக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் கையொப்பம் விழுந்தால்தான் செப்டம்பரில் தேர்வு எழுதலாம்.

அதனால் எங்கள் பேச்சே மாறிப்போயிற்று. நீலவானத்தைப் பார்த்து, "ச்சே, இன்னைக்கும் மின்னல் இல்ல" என்று சலித்துக்கொள்வோம். இஸ்மார் ஒவ்வொரு சரிவிலும் திரும்பி நின்று, "யாருக்காவது கால் உடைஞ்சா முதல்ல எங்கிட்ட சொல்லுங்கப்பா. எனக்குக் கட்டு மட்டும்தான் பாக்கி" என்பான். இஸ்மார், சீனாவிலிருந்து வந்து குடியேறிய துங்கான் இனத்துப் பையன். அவன் வீட்டாருக்குக் கடைவீதியில் குளிர்ந்த நூடுல்ஸ் கடை இருந்தது. அந்தக் கடையின் சத்தமெல்லாம் அவன் வாயில் இருந்தது.

இரண்டாம் வருடக் கோடையின் முடிவில் புருலுக்கு ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஆறு கடத்தல். அதற்கு அடியில் சிறிய எழுத்தில் நிபந்தனை: ஓடும் நீர், முழங்காலுக்கு மேல், நடந்து, குழுவுக்குத் தலைமை ஏற்று.

எங்கள் ஆறுகள் பனியிலிருந்து வருபவை. வெயில் ஏறினால் அவையும் ஏறும். விடியலில் கல்லுக்குக் கல் தாண்டிப் போகக்கூடிய ஆறு, பிற்பகலில் அதே கல்லை உருட்டிக்கொண்டு போகும். தலைமை புருலுக்கு வந்த நாளெல்லாம் நாங்கள் இருட்டில் எழுந்து, கண் திறக்காமலே கூடாரம் மடித்து, சூரியன் முகட்டைத் தொடும் முன் ஆற்றங்கரையில் நின்றோம். முதல் தடவை தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. குபானிச் தன் கைக்கம்பை விட்டு அளந்தான். கம்பில் வளையம் வளையமாகக் கோடு போட்டு வைத்திருந்தான். "இது கணக்குல வராதுக்கா" என்றான். அடுத்த தடவை இரவெல்லாம் உறைபனி. ஆறு இருந்த இடத்தில் ஈரக் கற்கள்தான் இருந்தன. காலணியைக் கழற்றாமலே போனோம்.

இஸ்மார் தலைமை ஏற்ற நாளில் அவன் தூங்கிவிட்டான். கஞ்சி அடிப்பிடித்தது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் பாதி தூரம் ஏறி இறங்கினோம். ஆற்றுக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தண்ணீர் தொடை வரைக்கும். அவனுடைய ஒரு செருப்பும் தொப்பியும் போயின. ஆனால் எல்லோரும் அக்கரை சேர்ந்தோம். குபானிச் கையொப்பம் போட்டு, குறிப்பில், "கடினமான நிலையில் நிதானம்" என்று எழுதினான். நகரத்துக்குத் திரும்பும் வரை இஸ்மார் அதை எங்களுக்கு வாசித்துக்கொண்டே வந்தான்.

"லேட்டா எந்திரிக்கக் கத்துக்கோங்க அக்கா. அதுவும் ஒரு திறன்தான்" என்றான்.

"உன் தொப்பி இந்நேரம் ஏரிக்குப் போயிருக்கும். அதைப் போய்ப் பிடி முதல்ல" என்றாள் புருல்.

அவள் நிலக்கரி ஊரில் பிறந்தவள். சுரங்கம் மூடியபின் அந்த ஊரில் பேருந்து நிலையம் மட்டும் மிஞ்சியது. அப்பா அங்கே ஓட்டுநர். வீட்டில் குதிரை கிடையாது, ஆடு கிடையாது. பள்ளி முடித்ததும் எல்லோரையும்போல மாஸ்கோ போனாள். ஒரு பெரிய கடையின் குளிர்கிடங்கில் நான்கு வருடம் பெட்டி அடுக்கினாள். "அங்க நடந்த நடைய நேரா நடந்திருந்தா வீட்டுக்கே வந்திருக்கலாம்" என்று ஒருமுறை ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் சொன்னாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவள் நடந்துகொண்டேகூடப் பேசியதில்லை. திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். கோடைக்காலங்களில் வெளிநாட்டுப் பயணிகளை மலைக்கு அழைத்துப்போகும் நிறுவனம் ஒன்றில் சமையல்காரியாகப் போனாள். சமையல்காரிகள் பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியில் கிளம்புவார்கள். எல்லோரையும் தாண்டிப் போய் முதலில் அடுப்பு மூட்டுவார்கள். அந்த வேலை அவளுக்கு ஒத்துக்கொண்டது. எட்டுக் கோடைகள் செய்தாள். பிறகு அதிலும் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புக்காக வேகமாக நடப்பது போதும், இனிமேல் முன்னால் நடக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது.

நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள்: சான்றிதழ் வாங்கி வந்தால் அடுத்த கோடையில் ஒரு குழு அவளுடையது. வாங்கவில்லையென்றால் மறுபடி சமையல் கூடாரம்.

அண்ணன் மனைவி வேறு ஒவ்வொரு வாரமும் கேட்பாளாம். "பரீட்சை எழுதற வயசா உனக்கு? உன் வயசுல நான் மருமகளுக்குத் துணி எடுத்து வச்சுட்டேன்."

"அதான் அவ ரெண்டே மாசத்துல ஓடிட்டா" என்று தான் பதில் சொன்னதாகப் புருல் எங்களிடம் சொன்னாள். சொல்லியிருக்கமாட்டாள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் கடைசிப் பயணம். புருல், இஸ்மார், பெர்மெத், நான், பயிற்றுநராகக் குபானிச். பெர்மெத் எங்களில் சின்னவள், எடையும் குறைவு. அவள் முதுகில் மூட்டை ஏறினால் மூட்டைதான் நடப்பதுபோல் இருக்கும். இரண்டாம் நாள் கஷ்கா-சூ ஆற்றைக் கடக்க வேண்டும். அன்று தலைமை புருலுக்கு.

வழக்கம்போல இருட்டில் எழுப்பினாள். வழக்கம்போலத் திட்டிக்கொண்டே நடந்தோம். ஆற்றங்கரையில் இறங்கியபோது அக்கரைப் புல்லில் இன்னும் வெயில் விழவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கற்களின் நிறம் தெரிந்தது.

குபானிச் கம்பை விட்டுப் பார்த்தான். "ஆடுசதை வரைக்கும். முழங்காலுக்கு ஒரு சாண் கீழ."

"தெரியுது."

"தலைமை உங்களோடது. என்ன செய்யறோம்?"

புருல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் காலணிக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தோம்.

"காத்திருக்கறோம்" என்றாள்.

இஸ்மார் நிமிர்ந்தான். "யாரு? நீங்களா?"

"மூட்டைய இறக்குங்க. சமாத், அடுப்பை எடு."

நான் அடுப்பை எடுத்தேன். எந்த முடிவுக்கும் தலைமை ஏற்பவர் காரணம் சொல்லவேண்டும் என்பது பள்ளியின் விதி. குபானிச் கேட்டான்.

"தண்ணி வரட்டும்" என்றாள்.

அவன் மேலே எதுவும் கேட்கவில்லை. அவனும் அந்தக் கட்டம் நிறைய வேண்டும் என்றுதான் நினைத்தான். அன்றைய தொல்லையே அதுதான். எல்லோரும் அவள் பக்கம் இருந்தோம்.

வெயில் வந்தது. தேநீர் குடித்தோம். இன்னொரு முறை குடித்தோம். இஸ்மார் மூட்டையில் தலைவைத்துத் தூங்கினான். பெர்மெத் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருல் கரையில் மேலும் கீழுமாக நடந்தாள். தண்ணீரின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தாள். கல் அப்படியே இருந்தது. மேலே போய்ப் பனிமலை இருக்கும் பக்கம் பார்த்தாள். மேகம் ஒன்று சூரியனை மறைத்தபோது, காய்கறி வாங்கப் போன இடத்தில் கடை மூடியிருந்தால் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். திரும்பி வந்து, நான் அடுக்கி வைத்த பாத்திரங்களைக் கலைத்து அடுக்கினாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்றான் இஸ்மார், கண்ணைத் திறக்காமல்.

"நீ தூங்கறதப் பாத்து எனக்குக் கை அரிக்குது."

முற்பகலில் ஒரு மேய்ப்பர் குதிரையில் வந்தார். தொலைந்துபோன பெண்குதிரை ஒன்றைத் தேடிப் போகிறவர். எங்களைப் பார்த்துக் கடிவாளத்தை இழுத்தார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"தண்ணிக்கு" என்றான் இஸ்மார்.

அவர் ஆற்றைப் பார்த்தார். "இதோ இருக்கே."

"இது பத்தாதுண்ணா. இன்னும் கொஞ்சம் வரணும்."

"குளிக்கவா?"

"கடக்க."

அவர் கம்பளித் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "கடக்கறதுன்னா இப்பவே கடந்துடுங்களேன். மத்தியானம் ஆனா கல்லெல்லாம் உருள ஆரம்பிச்சிடும்."

"அதுக்குத்தான் உக்காந்திருக்கோம்."

"நீங்க எந்த ஊரு?"

"இங்கதான், ஏரிக்கரை. படிக்கறோம்."

"என்ன படிப்பு?"

"மலையில பத்திரமா எப்படிப் போறதுன்னு."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். குபானிச்சின் தலைக்கவசத்தையும் கோடு போட்ட கம்பையும் அதிக நேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுவதுபோல், "வேணும்னா ஒவ்வொருத்தரா குதிரையில ஏத்தி அந்தப் பக்கம் விட்டுடறேன்" என்றார்.

"குதிரை கணக்குல வராது" என்றாள் பெர்மெத்.

"யார் கணக்குல?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி உலர்தயிர் உருண்டைகளை எடுத்துப் பெர்மெத்திடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். குதிரை அவசரமில்லாமல் நடந்து அக்கரை ஏறியது. ஏறியபிறகு அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

இவ்வளவு நேரமும் புருல் எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

உச்சி வெயிலில் வெள்ளைக் கல்லைக் காணவில்லை. தண்ணீர் சிமெண்டுக் கலவைபோல் ஆகியிருந்தது. சத்தம் மாறியிருந்தது, மேலே இரைச்சல், அதற்கு அடியில் வயிற்றுக்குள் உருளுவதுபோல் கல்லோடு கல் மோதும் ஒலி. குபானிச் கரையோரம் இறங்கி அளந்தான்.

"மேல. முழங்காலுக்கு மேல. கணக்குல வரும்."

இஸ்மார் துள்ளி எழுந்தான். "வந்தாச்சா? அக்கா, வாங்க, உங்க தண்ணி வந்துடுச்சு."

முதலில் அவள் தனியாக இறங்கினாள். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, ஒரு காலை நகர்த்தி, நிலைத்து, அடுத்த காலை நகர்த்தி. அவசரம் முழுவதும் அவள் உடம்பை விட்டுப் போயிருந்தது. அக்கரையைத் தொட்டுவிட்டு அதே வழியில் திரும்பினாள். அழகாகச் செய்தாள். நான் அப்படி யாரும் செய்து பார்த்ததில்லை. ஆனால் ஒருத்தி கடப்பது கட்டத்துக்குப் போதாது. குழு கடக்க வேண்டும்.

எங்களை வரிசையாக நிறுத்தினாள். முன்னால் அவள், பிறகு இஸ்மார், நடுவில் பெர்மெத், அடுத்து நான், கடைசியில் குபானிச். ஒருவர் மூட்டை வாரை அடுத்தவர் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். விழுந்தால் மூட்டையை உதறுவதற்காக இடுப்புப் பட்டைகளை அவிழ்க்கச் சொன்னாள். ஒவ்வொருவராக வந்து பட்டையை, கயிற்றை, பிடியைச் சோதித்தாள். பெர்மெத்திடம் வந்ததும் நின்றாள்.

"கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"காலையிலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்கோம்ல."

"பயமா?"

"இல்லக்கா."

"பெர்மெத்."

"கொஞ்சம்தான். காலையில இல்ல. காலையில பாக்கறப்ப ஒண்ணுமே தோணல. அப்புறம் பாத்துக்கிட்டே இருந்தேனா..." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பரவால்லக்கா. உங்களுக்காகத்தானே. வந்துடுவேன்."

புருல் அவள் கையை விடவில்லை. ஆற்றையும் பார்க்கவில்லை. பெர்மெத்தின் தோளுக்குப் பின்னால், நாங்கள் உட்கார்ந்து நசுங்கிப்போன புல்லைப் பார்த்தாள்.

"மூட்டைய கழட்டு" என்றாள்.

"என்னக்கா?"

"எல்லாரும் கழட்டுங்க. போகல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. இஸ்மார்தான் வரிசையைக் கலைத்தான்.

"அக்கா, காலையிலேர்ந்து உங்களுக்காக இங்க உக்காந்திருக்கோம். பின்பக்கமே மரத்துப்போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சும் போகலன்னா எப்படி?"

"அஞ்சு நிமிஷ வேலைக்கா. போயிடலாம்" என்று நானும் சொன்னேன்.

குபானிச் அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனான். ஆற்றின் இரைச்சலில் தணிந்து பேச முடியாததால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது. "இதுதான் கடைசிப் பயணம் அக்கா. நிலைமை மோசமில்ல. நீங்களே போய்ட்டு வந்தீங்க. பயிற்றுநரா எனக்கு ஆட்சேபணை இல்ல."

"வெளிநாட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்திருந்தா இந்த நேரத்துல இறக்குவேனா வாத்தியார் தம்பி?"

"இவங்க அப்படி இல்லையே. பயிற்சி எடுத்தவங்க."

"காலையில கடந்திருக்கலாம். கடந்திருந்தா இந்நேரம் அந்த மேட்டுக்கு மேல இருந்திருப்போம். இவங்களை நான் எதுக்கு நிறுத்தி வச்சேன்?"

குபானிச் கம்பை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"எனக்காக யாரும் தண்ணியில இறங்க வேண்டாம்."

"அதை விடியும்போதே சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினான் இஸ்மார். "நான் வீட்லயே இருந்து நூடுல்ஸ் பெசஞ்சிருப்பேன்."

அன்று பிற்பகல் கூடாரத்தை மறுபடி போட்டோம். பெர்மெத் கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள்.

"கேட்டது நான்தானே. வந்து வெங்காயம் உரி" என்றாள் புருல்.

ஆறு அதற்குமேல் பெரிதாக ஏறவில்லை. பயங்கரமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மரமும் அடித்துக்கொண்டு வரவில்லை, கரையும் இடியவில்லை. வெயில் தாழ்ந்ததும் வந்ததுபோலவே இறங்கத் தொடங்கியது. அன்று நாங்கள் ஆற்றில் இறங்கியிருந்தால் கடந்திருப்போம் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இஸ்மாரும் அப்படித்தான் சொல்கிறான். பெர்மெத் ஒன்றும் சொல்வதில்லை. புருலிடம் நாங்கள் கேட்டதில்லை. அன்று மாலை அவள் இருபது பேருக்குச் சமைப்பவள்போல் சமைத்தாள். பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

விடிந்ததும் கடந்தோம். கால் விரல்கள் மரத்தன, அவ்வளவுதான். அக்கரையில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது குபானிச் அவள் பதிவேட்டை மடியில் விரித்தான்.

"என்ன எழுதட்டும்?"

"நடந்ததை."

அவன் எழுதினான். பங்கு: தலைமை. நீர்: ஆடுசதை அளவு. குறிப்பில்: "முந்தைய நாள் பிற்பகலில் கடக்கவில்லை." பேனாவை மூடப்போனான்.

"காத்திருந்தோம்னும் எழுதுங்க. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும், தண்ணி ஏறறதுக்காக."

"அது உங்களுக்கு எதிராப் போகும் அக்கா."

"எழுதுங்க."

எழுதினான். பின்பக்கத்துக் கட்டத்தை எடுத்துப் பார்த்தான், மூடினான். தலை நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. மேட்டில் பாதி ஏறியிருந்தாள். நாங்கள் காலணிக் கயிறு கட்டாமல் பின்னால் ஓடினோம்.

செப்டம்பர் தொடக்கத்தில் பதிவேடுகளை ஒப்படைக்கக் கம்பளி ஆலை மாடிக்குப் போனோம். பள்ளி நிர்வாகி பெய்ஷென் ஒவ்வொன்றாகப் புரட்டி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவர் மனைவி மேசையின் ஓரத்தில் தேநீரும் ரொட்டியும் ஜாமும் வைத்திருந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புருல் நின்றுகொண்டிருந்தாள். கீழே நிறுவனத்தின் லாரி காத்திருந்தது. அன்றே ஒரு ஜெர்மன் குழுவுக்குச் சமையலுக்குக் கிளம்ப வேண்டும்.

பெய்ஷென் அவள் பதிவேட்டில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"காத்திருந்தோம்னு எழுதியிருக்கு."

"ஆமாண்ணா."

"எதுக்கு?"

"தண்ணி ஏற."

"ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"அப்புறம்?"

"நாங்க இறங்கல."

அவர் குபானிச்சைப் பார்த்தார். குபானிச் ஜாம் கிண்ணத்தைப் பார்த்தான்.

"தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் பெய்ஷென். "நானா இருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன். ஆனா இறங்காததுக்குக் கட்டம் இல்லையேம்மா. இந்த அட்டவணை நான் போட்டதில்ல. வெளியிலேர்ந்து வந்தது. ஒரு கட்டம் காலியா அனுப்பினா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"விடியக்காலம் கூட்டிட்டுப் போறவளுக்கு இந்தக் கட்டம் எப்பதான்ணா நிறையும்?"

பெய்ஷென் உண்மையாகவே யோசித்தார். "ஜூன்ல நிறையும். ஜூன்ல பனி மொத்தமா உருகும். விடியக்காலமே இடுப்பு வரைக்கும் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லன்னா இன்னொண்ணு செய்யலாம். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கு. நாளைக்கே குபானிச்சைக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துலயே ஏதாவது ஒரு ஆறு. சாப்டுட்டு மெதுவா மத்தியானமா போங்க. சாயங்காலம் கையெழுத்தோட வந்துடலாம்."

"நான் வர்றேன்" என்றான் இஸ்மார் வாய் நிறைய ரொட்டியுடன். "தொப்பி இல்லாம வர்றேன்."

"நானும்" என்றேன்.

"நானும் வர்றேன்க்கா" என்றாள் பெர்மெத். "இந்தத் தடவை பயப்பட மாட்டேன்."

கீழே லாரி ஒலி எழுப்பியது. புருல் சன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேசையில் கிடந்த பதிவேட்டை நேராக்கி வைத்தாள்.

"நான் ஒரு தடவை காத்திருந்து பாத்துட்டேன்ணா. எனக்கு வரல."

"எது வரல?"

"ஜூன்ல என் பேரை எழுதிக்கோங்க."

"ஜூன்னா அடுத்த செப்டம்பர்லதான் தேர்வு. ஒரு முழுக் கோடை போயிடுமே."

"தெரியும்."

"நிறுவனத்துல குழுவை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க."

"கொடுப்பாங்க. இவனுக்குத்தான் கொடுப்பாங்க" என்று இஸ்மாரைக் காட்டினாள். இஸ்மார் மெல்லுவதை நிறுத்தினான். அவன் அந்த நிறுவனத்துக்கு மனு போட்டிருந்தது அவளுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியாது.

"அக்கா, நான் வேணும்னா..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம். நல்லாத் தூங்கி எந்திரி. கஞ்சிய மட்டும் நீ தொடாதே, அது நான் பாத்துக்கறேன்."

பெய்ஷென் பெயரை எழுதிக்கொண்டார். அவள் கதவுக்குப் போய்விட்டாள். பெய்ஷெனின் மனைவி தட்டை நீட்டி, "ரொட்டியையாவது தொட்டுட்டுப் போம்மா, அப்படியே போகக் கூடாது" என்றார். புருல் திரும்பி வந்து ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லும் முன்பே படியில் அவள் காலடி கேட்டது.

நாங்கள் சன்னலில் நின்று பார்த்தோம். லாரியின் பின்னால் ஏறி, ஓட்டுநர் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை இழுத்து வேறுவிதமாக அடுக்கினாள். ஓட்டுநர் ஏதோ சொன்னார். அவளும் ஏதோ சொன்னாள். அவர் சிகரெட்டை இன்னும் முடிக்கவில்லை. அவள் குதித்து இறங்கி முன்பக்கம் ஏறி, கதவைச் சாத்தினாள். திறந்து மறுபடி சாத்தினாள். பிறகு கையை வெளியே நீட்டி, கதவின் தகரத்தில் தட்டத் தொடங்கினாள்.